வெலிக்கடையில் இருக்கும் மச்சாளைப் பார்க்கப் போகலாமா?

தங்கச்சி, நீங்கள் எழுதியதன் சாரம் இது. கணவரின் தங்கை பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடிபட்டு நாலு மாதமாகிறது. முதலில் அமைச்சரின் உத்தரவில் தடுப்புக் காவல், இப்போது நீதிமன்ற உத்தரவில் விளக்கமறியல், கொழும்பு வெலிக்கடைச் சிறையில் பெண்கள் பிரிவில். நீங்கள் இருப்பது சம்பூர்ப் பக்கம். மாமிக்குச் சீனி, பிரஷர் இரண்டும் உண்டு; வெலிக்கடை என்ற பெயரைக் கேட்டாலே அழுகிறார். மச்சாளின் ஏழு வயது மகள் உங்களோடு. கணவரின் அண்ணன் "போனால் உங்கட பேரும் பதிவாகும், போகாதேங்கோ" என்கிறார். இதுவரை வீட்டில் இருந்து யாரும் போகவில்லை. போகலாமா, என்ன கொண்டுபோவது, என்ன கதைப்பது, பிள்ளையைக் கூட்டிப்போவதா, திருகோணமலைக்கு மாற்றிக் கேட்கலாமா என்று கேட்கிறீர்கள்.

போங்கள். மற்ற எல்லாவற்றையும் பிறகு பார்ப்போம், முதலில் போங்கள். திருகோணமலையில் இருந்து இப்படிக் குடும்பங்களோடு சிறை வாசல்களுக்குப் பல வருடமாகப் போய் வருகிறேன். எனக்குத் தெரிந்த வரையில் உள்ளே இருக்கும் ஒரு பெண்ணுக்குப் பெரிய பாதுகாப்பு, அவரைத் தேடி வெளியில் இருந்து ஆள் வருவதுதான். வழக்கைச் சட்டத்தரணி பார்ப்பார். ஆனால் இந்தப் பெண்ணுக்கு ஆள் இருக்கிறது, மாதாமாதம் வருகிறார்கள், முகத்தைப் பார்க்கிறார்கள், காயம் இருந்தால் கண்டுவிடுவார்கள் என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டும். அதை நீங்கள் மட்டும்தான் செய்யலாம்.

ஆண்பிள்ளை மறியலில் இருந்தால் எங்கள் சனம் நகையை ஈடு வைத்தாவது போகும். அம்மா போவார், மனைவி போவார், அக்கா போவார். பெண் உள்ளே இருந்தால் ஊர் வேறு மாதிரிக் கதைக்கும். புருஷன் வீட்டார் ஒதுங்குவார்கள், அண்ணன் தம்பிமாருக்கு வேலை பறிபோகும் பயம், அம்மாவுக்குத் தனியாகப் போகத் தெரியாது. கடைசியில் ஒருவரும் போவதில்லை. பொறுப்பை ஒருவர் எடுத்துக்கொண்டால் போதும், மற்றவர்கள் பின்னால் வருவார்கள். உங்கள் வீட்டில் அது நீங்களாக இருக்கும் என்று நினைக்கிறேன், கேள்வி கேட்டு எழுதியவர் நீங்கள்தானே.

அண்ணன் சொல்வதையும் தள்ளிவிட முடியாது. பெயர் பதிவாகும். அடையாள அட்டை இலக்கம் எழுதித்தான் உள்ளே விடுவார்கள். ஊரில் யாராவது வந்து ஏன் போனீர்கள், என்ன கதைத்தீர்கள் என்று விசாரிக்கவும் கூடும். ஆனால் மச்சாள் பிடிபட்ட அன்றே உங்கள் வீட்டு விலாசமும் ஆட்கள் விவரமும் அவர்களிடம் போய்விட்டது. போகாமல் இருப்பதால் அது அழியப்போவதில்லை. சிறையில் இருக்கும் உறவினரைப் பார்ப்பது குற்றமும் இல்லை. கேட்டால் "மச்சாளைப் பார்த்தேன், உடுப்புக் கொடுத்தேன், பிள்ளையைப் பற்றிக் கதைத்தேன்" என்று உள்ளதைச் சொல்லுங்கள். கேட்க வந்தவரின் பெயர், பிரிவு, திகதி எழுதி வையுங்கள். தொடர்ந்து வந்து கரைச்சல் கொடுத்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் திருகோணமலை அலுவலகத்தில் முறைப்பாடு எழுதிக் கொடுங்கள். அவர்களின் தொலைபேசி இலக்கம் 1996.

மாமி ஏன் அழுகிறார் என்பது எங்கள் வயதுக்காரருக்கு விளங்கும். 1983 ஜூலை 25, 27 ஆகிய இரண்டு நாட்களில் வெலிக்கடையில் 53 தமிழ்க் கைதிகளைக் கொன்றார்கள். அந்தச் செய்தியை வானொலியில் கேட்ட தலைமுறை அவர். "அது அந்தக் காலம்" என்று சொல்லி ஆறுதல்படுத்தாதீர்கள். 2021 செப்டெம்பர் 12இல் சிறைச்சாலைகளுக்குப் பொறுப்பான இராஜாங்க அமைச்சரே அனுராதபுரம் சிறைக்குள் போய்த் தமிழ்க் கைதிகளைத் துப்பாக்கியைக் காட்டி மிரட்டியதும் நடந்ததுதான். ஆனால் மாமிக்கு இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: அந்தச் செய்தி சுவருக்குள்ளேயே புதையவில்லை, வெளியே வந்தது. வந்த சில நாட்களிலேயே அந்த அமைச்சர் சிறைப் பொறுப்பை விட வேண்டி வந்தது. கைதிகள் எட்டுப் பேர் உயர் நீதிமன்றம் வரை போனார்கள். போய்வர ஆள் இருந்தால்தான் இப்படி ஒன்று வெளியே வரும்.

எங்கள் பக்கத்திலேயே 2024 மே மாதம் நடந்தது உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. போரின் கடைசி நாட்களில் இறந்தவர்களை நினைத்து முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுத்ததற்காகச் சம்பூர்ப் பொலிஸார் இரவில் வந்து பெண்களைப் பிடித்தார்கள், அதில் ஒருவர் பல்கலைக்கழக மாணவி. வீட்டில் இருந்து இழுத்துப்போகும் காட்சியை நாடே பார்த்தது, நாலு பக்கமும் கேள்வி எழுந்தது, சில நாட்களில் பிணையில் வந்தார்கள். உங்கள் மச்சாளுக்குக் காட்சியும் இல்லை, செய்தியும் இல்லை. அதனால்தான் வீட்டார் போவது இன்னும் முக்கியம் என்கிறேன்.

சரி, சட்டத்தில் அவர் எந்த இடத்தில் நிற்கிறார் என்று பார்ப்போம். பயங்கரவாதத் தடைச் சட்டம் என்பது 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம். தற்காலிகம் என்று கொண்டுவந்து 1982இல் நிரந்தரமாக்கினார்கள். அமைச்சர் கையெழுத்திட்ட தடுப்புக் காவல் உத்தரவு மூன்று மூன்று மாதமாக நீளும். முன்பு 18 மாதம் வரை வைத்திருக்கலாம், 2022 திருத்தத்துக்குப் பிறகு 12 மாதம். அந்தத் திருத்தம் வேறு சிலதையும் கொண்டுவந்தது. தடுப்பு உத்தரவில் இருப்பவரை நீதவான் மாதம் ஒருமுறையாவது நேரில் போய்ப் பார்க்க வேண்டும். கைது செய்து 12 மாதமாகியும் வழக்கு விசாரணை தொடங்காவிட்டால் மேல் நீதிமன்றத்தில் பிணை கேட்கலாம். மச்சாள் தடுப்புக் காவலில் இருந்தபோது நீதவான் வந்தாரா, என்ன கேட்டார், சட்ட வைத்திய அதிகாரியிடம் காட்டினார்களா என்பதெல்லாம் சட்டத்தரணிக்குத் தெரிய வேண்டும். தெரியாத மொழியில் எழுதிய தாளில் கையெழுத்து வாங்கினார்களா என்பது அதைவிட முக்கியம். ஏனென்றால் உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரி முன்னால் கொடுத்த வாக்குமூலத்தை இந்தச் சட்டத்தில் சாட்சியாக எடுக்கிறார்கள். சாதாரண வழக்கில் பொலிஸிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் செல்லாது.

இந்தக் கேள்விகளை நீங்கள் சந்திக்கும் இடத்தில் வலைக்கு இப்பால் நின்று கேட்க வேண்டாம். பக்கத்தில் உத்தியோகத்தர் நிற்பார். அவருக்குத் தமிழ் தெரியாது என்று நினைத்துக் கதைத்து மாட்டிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். அடித்தார்களா, யார் அடித்தது என்பதெல்லாம் சட்டத்தரணி தனியாகச் சந்திக்கும்போது கேட்கட்டும். சட்டத்தரணியோடு கதைப்பதை உத்தியோகத்தர் பார்க்கலாம், கேட்கக்கூடாது என்பதுதான் கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்று சொல்லும் ஐ.நா.வின் 2015 நெல்சன் மண்டேலா விதிகளில் உள்ளது. ஒளித்து மறைத்து ஜாடையாகவும் கதைக்க வேண்டாம். "மாடு கன்று போட்டுது" என்று சாதாரணமாகச் சொன்னால்கூட அதற்கு வேறு அர்த்தம் தேடுவார்கள். வீட்டுக் கதையை வீட்டுக் கதையாகவே, முழுப்பெயர் சொல்லிக் கதையுங்கள்.

பயணத்துக்கு வருவோம். முதல் வேலை, போவதற்கு முந்தின நாள் சிறைக்குத் தொலைபேசி எடுப்பது. விளக்கமறியலில் இருப்பவருக்கும் தண்டனை பெற்றவருக்கும் பார்க்கும் நாளும் விதியும் வேறு வேறு, அடிக்கடி மாறவும் செய்யும். பக்கத்து வீட்டுக்காரர் போன வருடம் சொன்னதை நம்பி ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று இரவு முழுக்கக் குலுங்கிப்போய், இன்றைக்கு நாள் இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட தாய்மாரை நான் கண்டிருக்கிறேன். சிங்களம் தெரிந்த ஒருவரைக் கொண்டு கதையுங்கள். கேட்க வேண்டியது இவ்வளவுதான்: எந்த நாள், எத்தனை மணிக்குள் பதிய வேண்டும், ஒரு தடவையில் எத்தனை பேர், சமைத்த சாப்பாடு எடுப்பார்களா, எந்தெந்தப் பொருள் உள்ளே போகாது.

இரண்டு பேராகப் போங்கள். கைத்தொலைபேசி உள்ளே போகாது, பையையும் ஒருவர் வெளியில் வைத்திருக்க வேண்டும். இரவு பஸ்ஸில் போனால் விடியக் கோட்டையில் இறங்கி முகம் கழுவிக்கொண்டு பொரளை பஸ் பிடிக்கலாம். அங்கே பேஸ்லைன் வீதியில் வெலிக்கடை என்றால் எல்லோருக்கும் தெரியும். மூலப் பிரதி அடையாள அட்டை, அதன் போட்டோப்பிரதி, உறவைக் காட்ட மச்சாளின் பிறப்புச் சான்றிதழ் பிரதி, கிராம உத்தியோகத்தரிடம் வாங்கிய கடிதம் ஆகியவற்றைக் கையோடு வைத்திருங்கள். கேட்காமலும் விடலாம், கேட்டு இல்லாவிட்டால் நாள் வீண். பச்சை, மண் நிறத்தில் இராணுவ உடுப்புப் போலத் தெரியும் எதையும் உடுத்த வேண்டாம்.

உங்களைச் சோதிப்பார்கள். பெண்ணைப் பெண்தான் சோதிக்க வேண்டும். கௌரவத்தைக் குலைக்கும் விதத்தில் சோதிக்கக் கூடாது என்று மண்டேலா விதிகள் பார்க்க வருபவர்களுக்கும் சேர்த்தே சொல்கின்றன. யாராவது எல்லை மீறினால் வாசலில் சண்டை பிடிக்காதீர்கள். நேரத்தையும் இடத்தையும் மனதில் குறித்துக்கொண்டு, மச்சாளைப் பார்த்துவிட்டு, வெளியே வந்து எழுதிக் கொடுங்கள். வாசலில் சத்தம் போட்டால் அன்றைய சந்திப்புப் போய்விடும், உள்ளே இருப்பவர்தான் அதற்கு விலை கொடுப்பார்.

என்ன கொண்டுபோவது என்பதற்குப் பெரும்பாலும் எல்லோரும் சாப்பாட்டைத்தான் நினைப்பார்கள். முதலில் நினைக்க வேண்டியது உள்ளாடையும் மாதவிடாய்த் துணியும். மனித உரிமைகள் ஆணைக்குழு 2018இல் நாட்டில் 20 சிறைகளுக்குப் போய் ஆராய்ந்து 2020இல் வெளியிட்ட அறிக்கை, நெரிசலையும் தண்ணீர், மலசலகூடப் பிரச்சினைகளையும் பக்கம் பக்கமாகச் சொல்கிறது. நாட்டின் சிறைகளில் இருப்பது கொள்ளளவைப் போல் இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட ஆட்கள். இரவில் திரும்பிப் படுக்க இடமில்லாத அறையில், மாதவிடாய் நாளில், கேட்டு வாங்க ஆள் இல்லாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று ஒரு பெண்ணுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வெளியில் இருந்து யாரும் வராத பெண்கள் பக்கத்தில் இருப்பவரிடம் நப்கின் கடன் வாங்குகிறார்கள். அந்தக் கடனை உடுப்புத் துவைத்துக் கொடுத்தும், தன் சாப்பாட்டைக் கொடுத்தும் அடைக்கிறார்கள். ஆகவே நப்கின் பக்கெற்றைப் பிரிக்காமல், பில்லோடு, கூடுதலாக வாங்கிப் போங்கள். மச்சாள் இரண்டை வேறொருத்திக்குக் கொடுப்பார், கொடுக்கட்டும். உள்ளே அவருக்கு ஒரு சிநேகிதி தேவை.

விளக்கமறியலில் சொந்த உடுப்புத்தான். பருத்திக் கவுண், உள்சட்டை, துவாய், சீப்பு, பற்பசை, சவர்க்காரம், நுளம்புக்குப் பூசும் கிரீம். நாடா, பட்டி, கம்பி வைத்த எதுவும் வேண்டாம். மருந்து நேரே கொடுக்க முடியாது. அவருக்கு ஏற்கெனவே வருத்தம் இருந்தால் கிளினிக் கொப்பியின் பிரதியைச் சிறை வைத்தியரிடம் சேர்க்கும்படி கடிதத்தோடு கொடுத்து, வாங்கியவரின் பெயரைக் கேட்டு எழுதுங்கள். காசை யார் கையிலும் கொடுக்காதீர்கள். நலன்புரி உத்தியோகத்தரிடம் எப்படிக் கட்டுவது என்று கேட்டு, பற்றுச்சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

தண்டனை பெறாத கைதிக்கு வீட்டுச் சாப்பாடு கொடுக்கலாம் என்பதுதான் வழமை. ஆனால் அதைச் சோதிக்கும் விதம் உங்களுக்கு முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மனம் உடைந்துவிடும். ஒரு சிறையில் நான் பக்கத்தில் நின்று பார்த்தது: சோற்றுப் பார்சலைப் பிரித்து, ஒரு கரண்டியை அடிவரைக்கும் விட்டுக் கிளறினார்கள். பாரை மீன் பொரியலைத் துண்டு துண்டாக உடைத்தார்கள். கத்தரிக்காய்க் கறி, பருப்பு எல்லாம் ஒன்றாகக் கலந்துவிட்டது. புதுச் சவர்க்காரத்தைக் குறுக்கே வெட்டினார்கள். இரவிரவாகச் சமைத்துக்கொண்டு வந்த தாய் அந்தப் பார்சலைப் பார்த்துக்கொண்டே நின்றார். உள்ளே இருந்த மகள் அதை ஒரு சோறு விடாமல் சாப்பிட்டதாகப் பிறகு கடிதத்தில் எழுதியிருந்தார். கொண்டுபோங்கள். கிளறினாலும் கெடாததாக, கலந்தாலும் ருசிக்கிறதாகச் செய்யுங்கள்: புளிச்சோறு, கருவாட்டுச் சம்பல், எள்ளுருண்டை. இரவுப் பயணத்துக்குத் தேங்காய்ப்பால் விட்ட கறி தாங்காது. மூதூர்த் தயிர் கொண்டுபோக ஆசையாக இருக்கும், சட்டியை உள்ளே விட மாட்டார்கள்.

சந்திப்பு மிகக் குறுகியது. வரிசையில் பல மணி நேரம் நிற்பீர்கள், கதைப்பது சில நிமிடம். இரண்டு பக்கமும் சனம் கத்திக் கத்திக் கதைக்கும். முதல் தடவை இரண்டு பேருமே அழுவீர்கள், அழுங்கள். ஆனால் நேரம் முழுவதையும் அதற்குக் கொடுத்துவிடாதீர்கள். "ஏன் இப்படி ஆச்சு", "நீ ஏன் அங்க போனாய்" என்ற கேள்விகள் வாயில் வரவே கூடாது. ஊரில் யார் என்ன சொன்னார்கள் என்பதும் வேண்டாம். பிள்ளை என்ன சாப்பிடுகிறாள், எந்தப் பாட்டுப் படிக்கிறாள், எந்தப் பல் விழுந்தது, மாமி மருந்து ஒழுங்காக எடுக்கிறாரா என்று சின்னச் சின்னதாகச் சொல்லுங்கள். அவர் அந்த மாதம் முழுக்க இரவில் நினைத்துக்கொண்டிருப்பது அதைத்தான். பிறகு அவரைக் கதைக்க விடுங்கள். "நித்திரை வருதா? தண்ணி கிடைக்குதா? யாரோட சேர்ந்து இருக்கிறீங்க?" இந்த மூன்றில் நிறைய விளங்கும்.

கதைக்கும்போது பாருங்கள். நடந்து வருவது எப்படி, உட்காரச் சிரமப்படுகிறாரா, கை நகம், மணிக்கட்டு, கழுத்து, மெலிந்த அளவு, கண் உங்களைப் பார்க்கிறதா, உத்தியோகத்தரைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறாரா. வெளியே வந்த உடனே, பஸ்ஸுக்கு ஓடுவதற்கு முன், ஒரு கொப்பியில் திகதி போட்டு எழுதுங்கள். மாதங்கள் கழிய இந்தக் கொப்பிதான் சட்டத்தரணிக்குப் பெரிய உதவி. சித்திரவதை நடந்தது என்று பிறகு சொல்லும்போது, "அன்றைக்கே குடும்பம் பார்த்து எழுதியிருக்கிறது" என்பது வெறும் வாய்ப்பேச்சைவிட எவ்வளவோ மேல். தமிழில் கதைக்க வேண்டாம் என்று யாராவது சொன்னால், தமிழும் அரசகரும மொழி, எனக்குச் சிங்களம் வராது என்று மரியாதையாகச் சொல்லுங்கள். அதற்கும் மறுத்தால் அதுவும் கொப்பியில் ஏறட்டும்.

ஒரு கால எல்லையை மறக்க வேண்டாம். அடிப்படை உரிமை மீறலுக்கு உயர் நீதிமன்றம் போக ஒரு மாதம்தான் அவகாசம். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. கொழும்புக்கு உடனே வழக்குப் போட வசதி இல்லாத எங்கள் பக்கத்துக் குடும்பங்களுக்கு இது பெரிய வாசல். மச்சாளின் கைதுக்கு நாலு மாதம் கடந்திருந்தாலும், இனி நடக்கும் ஒவ்வொன்றுக்கும் இதை நினைவில் வைத்திருங்கள்.

பிள்ளை விஷயம்தான் எனக்கும் கடினம். 2014 மார்ச்சில் கிளிநொச்சி தர்மபுரத்தில், காணாமல் போன மகனைத் தேடிப் போராடிய ஒரு தாயை இதே சட்டத்தில் பிடித்துக் கிட்டத்தட்ட ஒரு வருடம் அடைத்து வைத்திருந்தார்கள். அவரோடு இருந்த பதின்மூன்று வயது மகளை வேறு பராமரிப்பில் விட வேண்டி வந்தது. மச்சாளின் மகளுக்கு நீங்கள் இருக்கிறீர்கள், அதுவே பெரிய கொடுப்பினை. பெண் கைதிகளுக்காக ஐ.நா. 2010இல் ஏற்றுக்கொண்ட பாங்கொக் விதிகள், பிள்ளை தாயைச் சிறையில் பார்க்கும்போது நல்ல சூழலும் தொட்டுப் பழகும் வாய்ப்பும் இருக்க வேண்டும் என்கின்றன. இவை எங்கள் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தும் சட்டம் இல்லை, ஆனால் விண்ணப்பத்தில் எழுதிக் கேட்கலாம். முதல் தடவை பிள்ளையைக் கூட்டிப்போக வேண்டாம். நீங்கள் போய் இடத்தைப் பாருங்கள். மகளைப் பக்கத்தில் வைத்துச் சந்திக்க அனுமதி கேட்டு நலன்புரி உத்தியோகத்தருக்கும் சிறை அத்தியட்சகருக்கும் கடிதம் கொடுங்கள். கிடைத்த பிறகு கூட்டிப்போங்கள், கிடைக்காவிட்டாலும் மச்சாள் விரும்பினால் கூட்டிப்போங்கள். தாயின் விருப்பம்தான் முதல். அம்மா வெளிநாட்டில் வேலைக்குப் போயிருக்கிறா என்று பிள்ளைக்குச் சொல்லி வைத்திருந்தால், போவதற்கு முன் உண்மையைச் சொல்லிவிடுங்கள். ஏழு வயதில் விளங்கும். பள்ளிக்கூடத்தில் வேறு யாரும் சொல்லி அறிவதுதான் அவளை உடைக்கும்.

திருகோணமலைக்கு மாற்றுவது சுலபம் இல்லை, ஆனால் கேட்காமல் விடக்கூடாது. இந்தச் சட்டத்தில் பாதுகாப்புச் செயலாளர் வழக்கு முடியும்வரை எங்கே வைப்பது என்று உத்தரவிட முடியும், ஆகவே உங்கள் சட்டத்தரணி முதலில் அப்படி உத்தரவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு சிறைச்சாலைகள் ஆணையாளர் நாயகத்துக்கும் வழக்கு நடக்கும் நீதிமன்றத்துக்கும் விண்ணப்பம். வயதான தாய், சிறு பிள்ளை, தூரம், செலவு எல்லாவற்றையும் ஆதாரத்தோடு எழுதச் சொல்லுங்கள். பெண் கைதியை முடிந்தவரை வீட்டுக்குக் கிட்ட வைக்க வேண்டும் என்று பாங்கொக் விதிகளில் இருப்பதையும் சேர்க்கலாம். பயணச் செலவுக்கு ஐ.சி.ஆர்.சி.யை, அதாவது சர்வதேச செஞ்சிலுவைக் குழுவை, கேட்டுப் பாருங்கள். 1989இல் இருந்து இங்கே இயங்கும் அமைப்பு, தடுப்பில் இருப்பவர்களைப் பார்ப்பதும் குடும்பங்கள் போய்வர உதவுவதும் அவர்கள் செய்து வந்த வேலைகள்தான்.

சட்டத்தரணி யார் என்று நீங்கள் எழுதவில்லை. இல்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவின் திருகோணமலை நிலையத்துக்குத் திங்கட்கிழமை காலையே போங்கள். கைதானபோது தந்த தாள், தடுப்பு உத்தரவின் பிரதி, வழக்கு இலக்கம், அடுத்த தவணைத் திகதி ஆகியவற்றில் எது இருக்கிறதோ அதைக் கொண்டுபோங்கள். ஒன்றுமே இல்லாவிட்டாலும் போங்கள், மச்சாளின் முழுப்பெயரும் அடையாள அட்டை இலக்கமும் இருந்தால் அவர்கள் தேடத் தொடங்கலாம். மாமியை இரண்டாவது பயணத்தில் கூட்டிப்போகலாம். பகல் பயணமாக, கொழும்பில் ஒரு இரவு தங்க இடம் பார்த்த பிறகு, மருந்தையும் கிளினிக் கொப்பியையும் கையில் எடுத்துக்கொண்டு. வரிசையில் அவ்வளவு நேரம் நிற்க அவரால் முடியாது. உட்கார ஒரு கதிரை தரும்படி வாசலில் கேளுங்கள், அங்கே இருக்கும் பெண் உத்தியோகத்தர்களில் தாய்மாருக்கு இரங்குகிறவர்களும் இருக்கிறார்கள்.